இளவரசர் பார்க்க வந்த சப்பாத்துப் பட்டறை

பெரிய மனிதர் ஒருவர் வரப்போகிறார் என்றால் நம் தோட்டங்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு வாரத்துக்கு முன்பே லயத்துச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு ஏறும். கால்வாய் ஓரத்துப் புல் செதுக்கப்படும். ஆபீஸ் வாசலில் வாழைமரமும் தோரணமும் எழும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் கொடியோடு வெயிலில் நிற்பார்கள். வருகிறவர் காரை விட்டு இறங்கி, மாலையை வாங்கிக்கொண்டு, நான்கு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார். பால் வெட்டுகிற கையை அவர் பார்த்தாரா, அந்தக் கத்தி எப்படிப் பிடிக்கப்படுகிறது என்று கேட்டாரா என்றால், பதில் சொல்லச் சற்றுத் தயங்க வேண்டியிருக்கும்.

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் என்று ஓர் ஊர். 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அப்போது வேல்ஸ் இளவரசராக இருந்தவரும் 2022 முதல் மன்னராக இருப்பவருமான சார்ல்ஸ், அந்த ஊரின் டிரிக்கர்ஸ் என்னும் சப்பாத்துத் தொழிற்சாலைக்கு வருகை தந்தார். 1829இல் தொடங்கிய தொழிற்சாலை அது. 190 ஆண்டு நிறைவை ஒட்டிய வருகை. தோலும் பிசினும் மெழுகும் மணக்கிற அந்தப் பட்டறையைச் சுற்றிப் பார்த்து, வேலை செய்பவர்களைச் சந்தித்தார். அந்த இடம் சினிமாவிலும் வந்திருக்கிறது. 2005இல் வெளியான 'கிங்கி பூட்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தை அங்கேதான் எடுத்தார்கள்.

செருப்புத் தைக்கிற இடத்தில் அரச வாரிசுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாடும் மரமும் ஆறும்

நார்தாம்ப்டன் இலண்டனுக்கு வடக்கே உள்ள நடுத்தரமான ஊர். சுற்றிலும் மேய்ச்சல் நிலம். ஆகவே தோலுக்குக் குறைவில்லை. பக்கத்துக் காடுகளில் ஓக் மரம். அதன் பட்டைதான் தோலைப் பதப்படுத்தியது. நீன் என்னும் ஆறு தண்ணீர் கொடுத்தது. ஒரு தொழில் வேர்விட இந்த மூன்றும் போதாவா?

1642இல், அயர்லாந்துக்குப் புறப்பட்ட படைக்கு 4,000 ஜோடி சப்பாத்தும் 600 ஜோடி பூட்சும் வேண்டும் என்று அந்த ஊர்த் தொழிலாளர் பதின்மூன்று பேரிடம் கேட்டார்கள். அன்று முதல் சண்டை என்றால் நார்தாம்ப்டனுக்கு வேலை என்றாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஊர் ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுவே தொழில். வீட்டுக்கு வீடு பட்டறைதான். ஆண்கள் அடித்தோல் தைக்க, பெண்கள் மேல்தோல் தைக்க, பிள்ளைகளும் கூட உட்காரவேண்டியிருந்தது. 1850களின் பிற்பகுதியில் தையல் இயந்திரம் வந்தபோது, கைவேலை போய்விடும் என்று அஞ்சி அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுத்த முடியவில்லை. இயந்திரம் வந்தது, அதன் பின்னால் தொழிற்சாலையும் வந்தது.

இந்தத் தொழிலாளர்கள் சும்மா தலைகுனிந்து தைத்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர். அரசியலில் கெட்டிக்காரர்கள். 1880இல் அவர்கள் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிய சார்ல்ஸ் பிராட்லா கடவுள் மறுப்பாளர்; முடியாட்சியே வேண்டாம் என்று எழுதியவர்! சத்தியப் பிரமாண விவகாரத்தில் அவரை உள்ளே விடமாட்டோம் என்றது நாடாளுமன்றம். ஊர் விடவில்லை. மறுபடி மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தது. 1886இல்தான் அவருக்கு முறையாக இடம் கிடைத்தது. இந்தியாவுக்காக அவர் அங்கே ஓயாமல் பேசினார். 1889இல் பம்பாய்க் காங்கிரசுக்கும் வந்தார். 1891இல் அவர் இறந்தபோது இலண்டனில் படித்துக்கொண்டிருந்த காந்தி என்ற இளைஞரும் இறுதிச் சடங்குக்குப் போனார். முடியாட்சியை எதிர்த்தவருக்கு ஓட்டுப்போட்ட ஊரில் இளவரசருக்கு வரவேற்பு! காலம் செய்கிற வேடிக்கை இது.

ஆவாரம்பட்டை போன கப்பல்

நிற்க. இந்த ஊருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் பாட்டன் பூட்டன் ஆற்காடு, சேலம், திருச்சி என்று பல பக்கங்களிலிருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்களே, அதே காலத்தில் அதே சீமையிலிருந்து இன்னொரு சரக்கு வேறு திசையில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. திண்டுக்கல், திருச்சி, வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதப்படுத்திய மாட்டுத் தோல்தான் அது.

ஆவாரம்பூ நமக்குத் தெரியும். பொங்கலுக்குக் காப்புக் கட்டுவோம். அந்தச் செடியின் பட்டையை ஊறவைத்த நீரில் தோலைப் போட்டு, பிறகு கடுக்காய்ச் சாறு காட்டுவார்கள். இப்படி அரைப்பதமான தோலுக்கு இங்கிலாந்துச் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயர். முதலாம் உலகப் போர் வந்ததும் அதன் மவுசு ஏறிவிட்டது. போர்வீரனின் பூட்சுக்கு மேல்தோலாக அது மிகவும் ஏற்றது என்று கண்டார்கள். 1916இல் அரசாங்கமே நிர்ணய விலையில் அந்தத் தோலைக் கொள்முதல் செய்யத் தொடங்கிற்று. நார்தாம்ப்டன் வட்டாரம் மட்டும் அந்தப் போர்க்காலத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட ஜோடிகளைச் செய்து கொடுத்தது.

பிரான்சின் சேற்றில் நடந்த கால்களில் எத்தனையோ, நம் தாய்மாமன்மார் ஊரில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் இறங்கி நின்றவர்களின் உழைப்பை அணிந்திருந்தன. அந்தத் தொட்டியில் நின்றவர்களுக்கு ஊருக்குள் தண்ணீர் எடுக்கவும் விடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தொழிற்சாலைக்குள்

உள்ளே என்ன நடக்கிறது? ஒரு ஜோடி நல்ல சப்பாத்துக்கு 250 வேலைகள் வரை உண்டு என்று அந்த ஊரில் கணக்குச் சொல்வார்கள். அத்தனையையும் விவரித்தால் பத்திரிகை தாங்காது. முக்கியமானவற்றைப் பார்ப்போம்.

முதலில் வெட்டுகிறவர். அவருக்கு 'கிளிக்கர்' என்று பெயர். தோலிலிருந்து கத்தி வெளிவரும்போது 'கிளிக்' என்று சத்தம் கேட்குமாம். அதனால் வந்த பெயர். அவருக்குச் சம்பளம் கைக்கு மட்டும் அல்ல, கண்ணுக்கும் சேர்த்துத்தான். ஒரே தோலில் முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் தொளதொளப்பு. முள் கிழித்த தழும்பு ஒரு மூலையில், உண்ணி கடித்த புள்ளி இன்னொரு மூலையில். முன்பக்கத்துக்கு எது, நாக்குக்கு எது என்று பார்த்து வைக்கவேண்டும். இடதுகாலும் வலதுகாலும் நிறமும் வரியும் ஒத்துப்போக வேண்டும். தப்பாக வெட்டினால் அந்தத் தோல் போனது போனதுதான். பால்மரத்தில் பட்டை ஆழம் தெரியாமல் கத்தி போட்டால் மரம் காயமாகிவிடும் என்று நம் அம்மாமார்களுக்குத் தெரியுமே, அதே நுணுக்கம்.

வெட்டிய துண்டுகளைத் தைத்து மேல்பாகமாக்குவது அடுத்த வேலை. இதில் பெண்கள் கை தேர்ந்தவர்கள். பிறகு அந்த மேல்பாகத்தைக் கால் வடிவ அச்சின்மேல் இழுத்துப் பூட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் சப்பாத்தின் உயிர்நாடியான வேலை. 'வெல்ட்' என்று ஒரு மெல்லிய தோல்வார். அதைச் சப்பாத்தின் விளிம்பைச் சுற்றி வைத்து மேல்தோலோடும் உள்தோலோடும் தைப்பார்கள். நடுவில் உள்ள குழிவை நெட்டி போன்ற கார்க்குத் தூளால் நிரப்புவார்கள். அப்புறம் அடித்தோலைக் கொண்டுவந்து அந்த வாரோடு தனியாக ஒரு தையல். அதாவது, அடித்தோல் சப்பாத்தோடு நேரே ஒட்டவில்லை, வாரோடுதான் சேர்ந்திருக்கிறது. தேய்ந்து போனால் அந்த ஒரு தையலைப் பிரித்துப் புது அடித்தோல் வைத்துவிடலாம். பசை போட்டு ஒட்டிய மலிவுச் சப்பாத்துக்கு இந்த வசதி கிடையாது. வாய் பிளந்தால் குப்பைத்தொட்டிதான்.

இந்தத் தையலை இயந்திரத்தில் போடும் முறைக்குக் 'குட்இயர்' தையல் என்று பெயர். பெயரைக் கேட்டதும் தோட்டத்துக்காரர்களாகிய உங்களுக்குக் காது விறைத்திருக்கும். ஆமாம், அதே குடும்பம்தான்! ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் வெயிலுக்கு இளகாமல் குளிருக்கு உடையாமல் நிற்கும் என்று 1839இல் கண்டவர் அமெரிக்கர் சார்ல்ஸ் குட்இயர். அவர் கண்டிராவிட்டால் மலாயாவில் பால்மரத்தோட்டம் ஏது, நாம் இங்கே வந்ததுதான் ஏது? அவர் 1860இல் கடனாளியாகவே இறந்தார். அவருடைய மகனும் சார்ல்ஸ் குட்இயர்தான். 1870களில் அந்தச் சப்பாத்துத் தையல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தி வெளியிட்டது அந்த மகன்தான். டயர் கம்பெனி பின்னால் வந்தது. குடும்பத்துக்கு அதில் பங்கில்லை, பெயர் மட்டும் மரியாதைக்கு வைத்தது.

ஒட்டுப் போட்ட சப்பாத்து

இப்போது இளவரசருக்கு வருவோம். சார்ல்ஸ் ஒட்டுப் போட்ட சப்பாத்து அணிகிறவர். கேலியாகச் சொல்லவில்லை, பத்திரிகைப் புகைப்படங்களில் பக்கவாட்டில் தோல்துண்டு வைத்துத் தைத்த சப்பாத்தோடு அவரைப் பலமுறை பார்க்கலாம். எதையும் எறிந்துவிட மனம் வராது, ஒட்டுப் போட்டாவது வைத்துக்கொள்ளவே விரும்புகிறேன் என்ற கருத்தை 2020இல் ஒரு பேட்டியிலும் சொல்லியிருக்கிறார். அரண்மனைக்காரருக்குப் புதிது வாங்கக் காசில்லையா? வெல்ட் வைத்துத் தைத்த சப்பாத்தை அடித்தோல் மாற்றி மாற்றிப் பத்தாண்டு, இருபதாண்டு என்று போடலாம். அது தெரிந்தவர் அதைத் தைத்த கையையும் பார்க்க வருவதில் வியப்பில்லை.

தோல் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். 1786ஆம் ஆண்டு டிசம்பரில் 'மெட்டா கத்தரீனா' என்ற கப்பல் ரஷ்யத் தோல்களை ஏற்றிக்கொண்டு இத்தாலிப் பக்கம் போகும் வழியில், இங்கிலாந்தின் பிளிமத் அருகே புயலில் மூழ்கிற்று. 1973இல் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டார்கள். சேற்றுக்குள் சுருட்டி வைத்த மான்தோல் கட்டுகள், ஏறத்தாழ 200 ஆண்டுக்குப் பிறகும் சப்பாத்துத் தைக்கும் நிலையில் இருந்தன! மரப்பட்டையில் ஊறி, பூர்ச்ச மரத்து எண்ணெய் ஏறிய தோல். பட்டைப் பதத்தின் பெருமை அது. கப்பல் கிடந்த இடம் வேல்ஸ் இளவரசருக்குரிய கார்ன்வால் பண்ணைக்குச் சொந்தமாதலால் அதன் உரிமையும் சார்ல்ஸைத்தான் சேர்ந்தது. அவர் அதை விட்டுக்கொடுத்தார். தோல் விற்ற காசு மேற்கொண்டு அகழ்வுக்குப் பயன்பட்டது.

வருகையால் என்ன லாபம்?

அரண்மனைக்குப் பொருள் கொடுக்கும் வணிகர்களுக்கு 'அரச நியமனம்' என்று ஒரு சான்று கிடைக்கும். ஐந்தாண்டுக் காலமாவது சரக்குக் கொடுத்திருக்கவேண்டும். டிரிக்கர்ஸுக்கு 1989இல் சார்ல்ஸ் அதைக் கொடுத்தார். வாசலில் அரச சின்னத்தை மாட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அந்தச் சின்னம் கண்ணில் படும், விலையும் சற்று ஏறும்.

ஆனால் வருகையும் சின்னமும் மட்டுமே ஒரு தொழிலைக் காப்பாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை. 1965இல் எலிசபெத் அரசியார் இதே ஊரில் சர்ச் சப்பாத்துத் தொழிற்சாலைக்கு வந்தார். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில்தான் ஊரின் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. வெளிநாட்டு மலிவுச் சரக்கோடு போட்டிபோட முடியவில்லை. பக்கத்து ஊரில் 1960 முதல் செய்யப்பட்ட புகழ்பெற்ற டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்சின் பெரும்பகுதி வேலையும் 2003இல் சீனாவுக்குப் போனது. இன்று ஊருக்குள் நிற்பவை கைவிரல்களுக்குள் அடங்கும். நின்றவை எதனால் நின்றன? விலை உயர்ந்தாலும் பரவாயில்லை, இருபதாண்டு உழைக்கவேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளரை உலகம் முழுவதும் தேடிப் பிடித்தன. பழைய சப்பாத்தைத் திருப்பி வாங்கிப் புதுப்பித்துக் கொடுக்கிற பகுதியும் வைத்திருக்கின்றன.

தொழில் சுருங்கிவிட்டது, பெருமை சுருங்கவில்லை. 1897இல் தொடங்கிய அந்த ஊர்க் காற்பந்துக் குழுவுக்குப் பட்டப்பெயர் 'காப்ளர்ஸ்'. தமிழில் சொன்னால் 'செருப்புத் தைப்பவர்கள்'. சனிக்கிழமை ஆட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பெயரைத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

தரையில் வைத்த காசு

நம்மிடம் அந்தச் சொல் எப்படி இருக்கிறது? மனச்சாட்சியோடு சொல்லுங்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது, 1980களின் கடைசியில், எங்கள் தோட்டத்து மளிகைக் கடைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து ஒரு முதியவர் உட்கார்ந்திருப்பார். பழைய லாரி டயரை வெட்டிச் செருப்புச் செய்வார். வெட்டுக்காட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனால் முள்ளும் ஏறாது, சறுக்கலும் இல்லை. அறுந்த பள்ளிக்கூடச் சப்பாத்தை ஐந்து நிமிடத்தில் தைத்துவிடுவார். கூலியை அவர் கையில் கொடுக்கமாட்டார்கள். சாக்கின் ஓரத்தில், தரையில் வைப்பார்கள். வயதானவர் யாரைக் கண்டாலும் 'தாத்தா' என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்த வீடுகள், அவரை மட்டும் அப்படிக் கூப்பிடச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் பெயர் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்தக் காலம் போய்விட்டது என்பீர்கள். பால்மரம் செம்பனையாயிற்று, தோட்டத்து மக்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள், உண்மைதான். ஆனால் "படிக்காவிட்டால் செருப்புத் தைக்கத்தான் போவாய்" என்ற வசவு நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் வாயிலிருந்து மாதம் ஒரு முறையாவது கேட்கிறேன்.

சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாய் வந்தார்.

"சார், இவனக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க. கணக்கு நோட்டு பூரா சப்பாத்துப் படம். பெரியவனாகி இதத்தான் செய்வேங்கிறான். சொந்தக்காரங்க காதுல விழுந்தா என்ன நெனப்பாங்க?"

அவருக்குப் பினாங்கு ஜிம்மி சூவைப் பற்றிச் சொன்னேன். சப்பாத்துத் தொழிலாளியின் மகன். பதினோரு வயதில் முதல் ஜோடியைத் தைத்தவர். தொடக்கத்தில் தகப்பனார் கருவியைத் தொடவே விடாமல், உட்கார்ந்து பார், உட்கார்ந்து பார் என்றே வைத்திருந்தாராம். பிறகு இலண்டனுக்குப் போய் ஹாக்னியில் உள்ள சப்பாத்துத் தொழிற்கல்லூரியில் படித்து 1983இல் தேறினார். பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றில் பட்டறை வைத்தார். 1990 முதல் இளவரசி டயானாவுக்குச் சப்பாத்துச் செய்தார்; மாதிரிகளை எடுத்துக்கொண்டு அரண்மனைக்கே போய்வந்தார். 2000இல் பகாங் சுல்தான் டத்தோ பட்டம் அளித்தார். பிரிட்டனின் ஓ.பி.இ. விருதும் பின்னர் வந்தது.

"டத்தோவா?" என்றார் அந்த அம்மா. சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க செஞ்சா பேரு சார். நாம செஞ்சா…" என்று நிறுத்திக்கொண்டார்.

அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. நோட்டை வாங்கிப் புரட்டினேன். குதிகாலின் அடுக்குகளைக்கூட எண்ணி வரைந்திருந்தான் பையன். தையல் புள்ளிகள் வரிசை பிசகாமல் இருந்தன. அடித்தோலுக்கும் மேல்தோலுக்கும் நடுவில் இருக்கவேண்டிய தோல்வார் மட்டும் இல்லை. அவன் பார்த்த சப்பாத்துகள் எல்லாம் பசை போட்டவை, பாவம். பென்சிலை வாங்கி அந்த வாரை எங்கே வைத்துத் தைப்பார்கள் என்று ஓரத்தில் வரைந்து காட்டினேன். அம்மாவும் எட்டிப் பார்த்தார்.